ஊமையாய்ப் போன கார்

ஏற்காட்டுக்கு நீங்கள் போயிருக்கிறீர்களா? சேலத்திலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். அதற்குள் 20 கொண்டை ஊசி வளைவுகள்! ஹாரன் அடிக்காமல் ஒரு வளைவில்கூடத் திரும்பக் கூடாது. அந்தப் பாதையில், 2023 கோடையில், ஹாரன் இல்லாத காரில் ஏறிய புண்ணியவதி நான்.

கார் என் மாமனாருடையது. 1954-ஆம் வருஷத்து மாரிஸ் மைனர். உருண்டை முதுகும், திரும்பும்போது பக்கத்துத் தூணிலிருந்து வெளியே நீளும் குட்டிக் கையுமாக, பழைய சினிமாக்களில் பார்த்திருப்பீர்கள். இங்கிலாந்தில் 1948 முதல் 1971 வரை 16 லட்சத்துக்கும் மேல் செய்தார்களாம். மாமாவுக்குத் தாம் பெற்ற பிள்ளைகளைவிட அதன்மேல்தான் பிரியம் அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

அடிவாரம் தாண்டும்போதே ஹாரன் லேசாகக் கம்மியது. நாலாவது வளைவில் அடியோடு நின்றுவிட்டது. வண்டி ஓட்டிக்கொண்டிருந்த என் கணவர் பொத்தானை அமுக்கு அமுக்கென்று அமுக்கினார். ஊஹூம்!

"மெதுவாகப் போடா, அகலமான இடம் வந்ததும் நிறுத்தலாம்" என்றார் மாமா. என் பெண் ஜன்னல் வழியே "பாம், பாம்!" என்று கத்தினாள். சேர்வராயன் கோவிலுக்காக எடுத்து வந்த பூஜை மணியை அத்தை கூடையிலிருந்து எடுத்து ஆட்ட ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அடுத்த வளைவில் அந்தச் சிரிப்பு தொண்டையிலேயே உறைந்துவிட்டது. மேலேயிருந்து ஒரு பஸ் திரும்பி, முழு உருவத்தோடு எங்கள் முன்னே நின்றது. நடுவில் ஒரு முழம் இருந்தால் அதிகம். என் பெண்ணை மடியில் இழுத்துப் போட்டுக் கொண்டேன்.

"ஏறுகிற வண்டிக்கு நான் வழி விட மாட்டேனா ஐயா? நீங்கள் வருவது எனக்குத் தெரிய வேண்டாமா? ஹாரனுக்கு என்ன கேடு?" என்றார் டிரைவர். பதில் சொல்ல எங்களுக்கு வாய் ஏது?

சற்று மேலே, சுவரோரம் அகலமாக இருந்த இடத்தில் காரை நிறுத்தினோம். கீழே சேலம் நகரம் வெயிலில் விரித்த கோலம்போலக் கிடந்தது. மலைக் காற்று சில்லென்று வீசிற்று. இந்த மலையில் காப்பிச் செடியைக் கொண்டுவந்தவர் 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்று படித்திருக்கிறேன். மேலே போனால் சில்வர் ஓக் நிழலில் காப்பியும், அந்த மரங்களைச் சுற்றி மிளகுக் கொடியுமாகத் தோட்டங்கள். அவற்றையெல்லாம் ரசிக்கும் மனநிலையில் யார் இருந்தார்கள்? குரங்குகள் மட்டும் எங்கள் வாழைப்பழத்தை ரசித்துக்கொண்டிருந்தன.

மாமா பானெட்டைத் திறந்து, ஹாரன் அருகே காதை வைத்து, "இப்போது அமுக்கு" என்றார். 'டிக்' என்றாவது கேட்டால் கோளாறு ஹாரனுக்குள்ளேயாம். எதுவுமே கேட்கவில்லை. பியூஸைப் பார்த்தார், எரியவில்லை. அதன் முனைகளைத் துடைத்து மாட்டியும் பயனில்லை.

"ஏம்மா, இங்கே வந்து பார். ஹாரனுக்கு ரெண்டு ஒயர். ஒன்று மின்சாரத்தைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தும். இன்னொன்று பொத்தானுக்குப் போகிறது. பொத்தானை அமுக்கினால்தான் அது காரின் இரும்பு உடம்பு வழியாகப் பாட்டரிக்குத் திரும்பும். போனது திரும்பி வராவிட்டால் ஹாரன் எப்படிக் கத்தும்?"

பொத்தான் பக்கத்து ஒயரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்திலிருந்து ஒரு துண்டு ஒயரைக் காரின் இரும்பில் தொட்டார். 'பாஆம்!' என்று ஓர் அலறல். குரங்குகள் பறந்தன. (நீங்களும் இப்படிச் செய்து பார்ப்பதானால் ஒயர் மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மின்சாரம் வரும் பக்கத்தை இரும்பில் தொட்டால் பியூஸ் போய்விடும்.)

ஆக, ஹாரன் நிரபராதி, பியூஸ் நிரபராதி, பாட்டரியும் நிரபராதி. மிச்சம் பொத்தான்தான். ஸ்டியரிங் நடுவிலிருந்து மாமா அதைக் கழற்றித் திருப்பினார். பித்தளைத் தகட்டின் மேல் வெள்ளை வெளேரென்று காய்ந்த மாவு அப்பியிருந்தது. மாமா மோந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

உங்களிடம் மறைப்பானேன்? பயணத்துக்கு முதல் நாள், குத்துவிளக்குக்குப் போடுகிற பாலிஷை எடுத்து அந்தப் பொத்தானை மினுமினுவென்று தேய்த்தவள் நான்தான்! விளிம்பு வழியே உள்ளே இறங்கிய பாலிஷ் காய்ந்து, மின்சாரத்துக்குக் குறுக்கே சுவர் எழுப்பிவிட்டது. பஸ் நின்ற அந்த ஒரு முழம் கண்முன் வந்தது. எனக்கு உடம்பெல்லாம் வியர்த்தது.

மாமா ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. "கைப்பையில் நகம் தேய்க்கிற அரம் இருக்குமே, கொடு" என்றார். தகட்டை அவர் சுரண்டிப் பளிச்சென்று ஆக்கினார். நான் முந்தானையால் துடைத்தேன். பொத்தானை மாட்டி, கழற்றிய ஒயரையும் சேர்த்து அமுக்கியதும் கணீரென்று குரல் வந்துவிட்டது.

மிச்சமிருந்த வளைவு ஒன்றுவிடாமல் ஹாரன் அடித்துக்கொண்டே போனோம். ஆனாலும் ஏற்காட்டு ஏரி கண்ணில் படும்வரை அத்தை அந்த மணியைக் கீழே வைக்கவில்லை.