சுத்துற வரைக்கும்தான் சமத்து

செங்கல்பட்டுப் பக்கம் ஒருத்தன் ஃபிசிக்ஸ் படிக்கிறான்னா சொந்தக்காரங்க கேக்கறது ஒரே கேள்விதான்: "அப்போ கல்பாக்கத்துல வேலையா?" தப்பில்லை. மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் தெற்கே 1984 ஜனவரியிலேயே அணு உலை வணிகரீதியா மின்சாரம் தர ஆரம்பிச்சாச்சு. ஆனா அது அணுவைப் பிளக்கற வேலை. எனக்குப் பிடிச்சது சேர்க்கற வேலை. "அது எப்போ கரண்டு தரும்?"னு மாமா கேட்டார். நியாயமான கேள்வி!

ஏன் இவ்ளோ கஷ்டம்னு சொல்றேன். ஹைட்ரஜனோட கனமான வகைகள் ரெண்டும் சேர சுமார் 15 கோடி டிகிரி சூடு வேணும். அதைத் தாங்கற பாத்திரம் கிடையாது. அதனால மெதுவடை வடிவத்துல ஒரு காந்தக் கூண்டு. பேர் டோக்கமாக். நம்ம நாட்டுலயே வடிவமைச்சுக் கட்டின முதல் டோக்கமாக் 'ஆதித்யா', 1989-ல குஜராத் காந்திநகர் பக்கத்துல ஓட ஆரம்பிச்சது.

உள்ளே காந்தக் கோடுகள் வெங்காயம் மாதிரி அடுக்கடுக்கா இருக்கும். சில சமயம் ஒரு அடுக்கு கிழிஞ்சு, தப்பா ஒட்டிக்கிட்டு, தீவு மாதிரி ஆயிடும். அது வழியா சூடு வெளியே ஓடும். பிளாஸ்மா சுத்தும்போது தீவும் கூடவே சுத்தும். வேகமா கடந்து போற காந்தப்புலத்தைச் சுத்தியிருக்கற உலோகச் சுவர் உள்ளே விடாது, அதனால தீவு சின்னதாவே இருக்கும். ஆனா அதே சுவர்தான் பிரேக்கும் போடும். சுவர்ல தூண்டப்படற மின்னோட்டம் தீவைப் பின்னாடி இழுக்கும். வேகம் குறையும், தீவு வளரும், இழுவை கூடும். கடைசியில தீவு நின்னே போயிடும். அதுக்கப்புறம் பெரும்பாலும் மொத்தமும் காலி!

பம்பரம் விட்டவங்களுக்கு இது புரியும். வேகமா சுத்தும்போது 'தூங்கும்'. வேகம் குறைஞ்சாத்தான் தலையாட்டும். ஒரு வித்தியாசம். பம்பரம் முழுசும் ஒண்ணா சுத்தும், பிளாஸ்மால அடுக்குக்கு அடுக்கு வேகம் மாறும். அந்த வேக வித்தியாசமும் நல்லதுதான், சுழல்களைப் பெருசாக விடாம கிழிச்சுடும்.

ஆதித்யாவுல இதை வெச்சே ஒரு சோதனை பண்ணினாங்க. 2014-ல கட்டுரையா வந்தது. வேணும்னே வாயுவை ஊதி பிளாஸ்மாவைக் கவிழப் பண்ணி, ஓரத்துல ஒரு மின்முனையை நுழைச்சு வோல்டேஜ் கொடுத்தாங்க. ஓரம் வேற வேகத்துல சுத்துச்சு, தீவு வளரலை, பிளாஸ்மா தப்பிச்சுது.

பிரச்சனை தீர்ந்ததா? இல்லை. ஆதித்யா வளையத்தோட ஆரம் 0.75 மீட்டர். 2005-லேர்ந்து இந்தியாவும் பங்காளியா இருக்கற ஃபிரான்ஸ் இட்டெர் 6.2 மீட்டர். அவ்ளோ சூட்டுக்குள்ள மின்முனையை நுழைக்க முடியாது. துகள் கற்றையால தள்ளினாலும் அவ்ளோ பெரிய பிளாஸ்மா மெதுவாத்தான் சுத்தும். அதனால தீவைக் குறிவெச்சு மைக்ரோவேவ் அடிக்கறது, உறைஞ்ச வாயுத் துண்டுகளை உடைச்சு உள்ளே அடிக்கறதுன்னு வேற வழிகளும் தயாராகுது.

இதெல்லாம் ஏன் இப்போ? கையில ஒரு சாஃப்ட்வேர் வேலை இருக்கு, திங்கட்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். வீட்டுக்கு அந்தச் சம்பளம் தேவைதான். நான் ரிட்டையர் ஆகறதுக்குள்ள இதுல பல்பு எரியும்னு யாருக்கும் சத்தியம் பண்ணித் தர முடியாது. ஆனாலும் ஒரு சின்ன மிஷின்ல, நம்மாளுங்க, கவிழப்போன பிளாஸ்மாவை நிமித்தியிருக்காங்க. பெரிய மிஷின்ல அதை எப்படிச் செய்யறதுங்கற கேள்வி இன்னும் காலியாத்தான் இருக்கு. எனக்கு அந்தக் காலி இடம்தான் வேணும். காந்திநகருக்கு அப்ளிகேஷன் போடறேன் மக்களே. அப்பாகிட்ட சொல்றதுதான் பாக்கி :)