ஆயில் பாத்தியா

ஆனிக் காற்று தொடங்கிவிட்டால் வள்ளியூரில் எதுவும் சும்மா இருக்காது. ஜன்னல் கொக்கி அடிக்கும், மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் மூடி அடிக்கும், வேப்பமரம் இரவெல்லாம் இரைந்துகொண்டிருக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் நுழைந்து வருகிற காற்று அது. அன்றும் அப்படித்தான். இரவு எட்டரை மணி. மூத்தவன் கூப்பிட்டான். ஹூஸ்டனில் அப்போது சனிக்கிழமை காலை பத்து.

"யப்பா, புல்லு வெட்டுத வண்டி ரொம்ப ஆடுது. டொக்கு டொக்குன்னு சத்தம் வேற வருது. போனப் பக்கத்துல வைக்கேன், கேளுங்க."

ஒரு ஏக்கர் புல்தரையோடு வீடு வாங்கியிருக்கிறான். மேலே உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி, யாரோ வைத்திருந்ததைக் குறைந்த விலைக்குப் பிடித்தது. அவன் போனை வைத்தான். தகர டப்பாவில் மணலைக் கொட்டின மாதிரி ஒரு இரைச்சல்தான் எனக்கு வந்தது. போன்களுக்குத் தொடர்ச்சியான சத்தம் ஆகாது, வேண்டாத இரைச்சல் என்று வடிகட்டிவிடும். அடித்தொண்டைச் சத்தமோ அதற்கு எட்டவே எட்டாது. இன்ஜினில் நமக்கு வேண்டியது பெரும்பாலும் அந்த அடித்தொண்டையில்தான் இருக்கும்.

"ரெண்டையும் ஒண்ணாச் சொல்லாதய்யா. ஆட்டம் வேற, அடி வேற" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது என் வாக்கியம் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. 1974 பங்குனியில், தாத்தா கிணற்றடியில், பணகுடியிலிருந்து சைக்கிளில் வந்த மேஸ்திரி சொன்னது.

தாமிரபரணி பாய்கிற பூமி இல்லை எங்களுடையது. மாவட்டத்தின் பேரைச் சொன்னால் எல்லாரும் ஆற்றை நினைக்கிறார்கள்; வள்ளியூர்க்காரனுக்குக் குளமும் கிணறும்தான். ஐப்பசி கார்த்திகையில் குளம் பெருகினால் கிணறு ஊறும். தாத்தாவின் கிணறு நாற்பது அடி. பம்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இருபத்தைந்து அடிக்குக் கீழே இருந்து தண்ணீரை உறிஞ்சி எடுப்பது பெரும்பாடு. ஆகவே கிணற்றுக்குள் பாதியில் ஒரு மேடை கட்டி, அதில் பம்பை உட்காரவைத்து, மேலே இருந்த ஆயில் இன்ஜினிலிருந்து பெல்ட்டைச் சாய்வாக இறக்கியிருந்தார்கள். அந்தத் தண்ணீரில் ஒன்றரை ஏக்கர் ஏத்தன் வாழை.

அந்த இன்ஜினை ராஜ்கோட் இன்ஜின் என்போம். 1930-ஐ ஒட்டி இங்கிலாந்தில் டர்ஸ்லி என்ற சிற்றூரில் லிஸ்டர் கம்பெனி போட்ட அச்சு. அதைப் பார்த்துக் குஜராத்தின் பட்டறைகளில் வார்த்தது. ஒற்றை சிலிண்டர், 6 குதிரைத் திறன், இரண்டு பக்கமும் கனத்த ஃப்ளைவீல். நிமிடத்துக்கு 650 சுற்று. இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் டீசல் வெடிக்கும், ஆக நிமிடத்துக்கு 325 வெடி. விநாடிக்கு ஐந்துக்குச் சற்று மேலே. கவனமாக இருந்தால் காது அதைப் பின்தொடர்ந்துவிடும். ராத்திரி தார்சாவில் படுத்துக்கொண்டு நான் பின்தொடர்ந்திருக்கிறேன். பின்னால் வந்த 1500 சுற்று இன்ஜின்களில் அந்தச் சுகம் கிடையாது, எல்லாம் ஒரே இழுப்பாகக் கேட்கும்.

டீகம்பிரசன் லீவரைத் தூக்கி வைத்துக்கொண்டு தாத்தா ஹேண்டிலைச் சுற்றுவார். வேகம் பிடித்ததும் லீவரை நான் தட்டிவிட வேண்டும். முதல் வெடி விழுந்ததும் ஹேண்டில் தானாகக் கழன்று அவர் கைக்கு வரும். இன்ஜினைக் குளிரவைத்துவிட்டு வருகிற தண்ணீர் வெதுவெதுப்பாக ஓடையில் விழும், அதில்தான் எங்கள் குளியல். பன்னிரண்டு வயதில் எனக்கென்று ஒரு வேலை இருந்தது. காலையில் இன்ஜினை எடுப்பதற்கு முன் அளவுகோலை உருவி, துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, ஆயில் கோட்டுக்கு நிற்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

"ஆயில் பாத்தியால?"

"பாத்துட்டேன் தாத்தா."

அந்தப் பங்குனியில் முழுப்பரீட்சை நடந்துகொண்டிருந்தது. எத்தனை நாள் பார்க்காமலே பார்த்துட்டேன் என்றேன் என்று இன்றைக்கும் எனக்குக் கணக்குத் தெரியும். ஒன்பது நாள்.

மேஸ்திரி சொன்ன அந்த ஆட்டத்துக்கும் அடிக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்தே முப்பது வருசம் நான் பிழைத்தேன். பஸ் பணிமனையில் வேலை. டிரைவர் வண்டியை விட்டு இறங்கி "சத்தம் வருது" என்பார், அவ்வளவுதான் சொல்வார். ஆட்டம் என்றால் சுற்றுகிற ஏதோ ஒன்று சமமாக இல்லை, அல்லது தாங்குகிற ஏதோ ஒன்று தளர்ந்திருக்கிறது. அடி என்றால் ஒட்டி இருக்க வேண்டிய இரண்டு இரும்புக்கு நடுவே இடம் விழுந்திருக்கிறது, அல்லது டீசல் வேளை கெட்டு வெடிக்கிறது. ஒன்று மற்றதைக் கொண்டுவரும், அதனால்தான் குழப்பம். ஆறு சிலிண்டர் வண்டியில் ஒவ்வொரு நாசில் குழாயின் நட்டாகத் தளர்த்திப் பார்ப்போம். எதைத் தளர்த்தும்போது அடி அடங்குகிறதோ, கோளாறு அந்தச் சிலிண்டரில். சேர்ந்திருப்பதை ஒவ்வொன்றாகப் பிரித்து விட்டால் குற்றவாளி தனியே நிற்கும். புத்தகத்தில் படித்து வந்ததில்லை எனக்கு இது.

தம்பி மகன் காற்றாலையில் டெக்னீசியன். முப்பந்தல் தொடங்கி இராதாபுரம் வரை நிற்கிற விசிறிகளில் ஏறி இறங்குகிற பிழைப்பு. ஒரு நாள் லேப்டாப்பில் கோடுகளைக் காட்டினான். விசிறி மெதுவாகத்தான் சுற்றும். கியர்பாக்ஸ் அதை ஜெனரேட்டருக்கு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு சுற்றாக ஏற்றிக் கொடுக்கும். அந்தக் கியர்பாக்ஸின் உடம்பில் சென்சார் ஒட்டி வைத்து, ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு பேரிங்கும் எந்த அதிர்வெண்ணில் பேசுகிறது என்று கோடாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். அவன் சொன்ன இன்னொன்றுதான் எனக்கு மிகவும் பிடித்தது. டென்மார்க்கின் பழைய காற்றாலைகளில் ஒரு வளையத்தின் மேல் இரும்புக் குண்டு ஒன்றை உட்கார வைத்திருப்பார்களாம். குண்டிலிருந்து சங்கிலி, சங்கிலியின் மறுமுனையில் சுவிட்ச். விசிறி அளவுக்கு மீறி ஆடினால் குண்டு வளையத்தை விட்டுத் தவறி விழும், சங்கிலி இழுபடும், விசிறி நின்றுவிடும். எங்கள் மேஸ்திரி இருந்திருந்தால் அதைக் கேட்டுத் தொடையைத் தட்டியிருப்பார்.

அந்தப் பங்குனியில் எங்கள் இன்ஜினைப் பார்க்க வந்தபோது அவர் ஒரு டம்ளர் தண்ணீர்தான் கேட்டார். இன்ஜின் உட்கார்ந்திருந்த சிமெண்ட் மேடையின் மூலையில் அதை வைத்துவிட்டு உட்கார்ந்து பார்த்தார். தண்ணீரில் வளையம் வளையமாக வந்தது. வேறு மூலைக்கு மாற்றினார். ஒரு மூலையில் மட்டும் தண்ணீர் துள்ளிச் சிந்தியது. அந்த இடத்து பவுண்டேசன் போல்ட்டைச் சுழற்றினால் கையோடு வந்தது. "இது ஆட்டம். அடிக்கு வேற ஆளு இருக்கான்" என்றார்.

பெல்ட்டைக் கழற்றச் சொன்னார். பம்பு நின்றுவிட்டது, அடி நிற்கவில்லை. ஆக பம்பு இல்லை. ஃப்ளைவீலையும் ஷாஃப்டையும் சேர்த்துச் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தார். ஷாஃப்டோடு பூட்டுகிற சாவி தளர்ந்த ஃப்ளைவீல் பேரிங் போனது போலவே சத்தம் போடும், அதை நம்பி இன்ஜினைப் பிரித்துப் போட்டவர்கள் உண்டு என்று தாத்தாவிடம் சொன்னார். ஓட்டி நிறுத்திப் பார்த்தபோது கோடு பிசகாமல் இருந்தது. அப்புறம் முழ நீள ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். முனை இன்ஜினில், மரப்பிடி காது எலும்பில். ஹெட்டில் வைத்தார், லைனர் பக்கம் வைத்தார், கீழே கிராங் பெட்டியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு என்னைக் கூப்பிட்டு என் காதில் வைத்தார். மேலே வெடி கணீர் கணீர் என்று சுத்தமாக விழுந்தது. கீழே இருட்டறைக்குள் யாரோ தலையணையில் குத்துகிற மாதிரி, தொம், தொம்.

"அண்ணாச்சி, காலையில எடுத்தவுடனே வருதா, சூடேறுன பெறகு வருதா?"

பிஸ்டன் தளர்ந்து லைனரில் அடித்தால் குளிரில்தான் சத்தம் அதிகம். சூடேறி பிஸ்டன் விரிந்ததும் அடங்கும். பேரிங் என்றால் தலைகீழ். சூட்டில் ஆயில் இளகியதும்தான் அது வாய் திறக்கும். அதற்காகத்தான் அந்தக் கேள்வி. தாத்தாவுக்குப் பதில் தெரியவில்லை. "நேத்துதான்யா காதுல விழுந்துச்சு" என்றார்.

நான் சொன்னேன். "சூடான பெறகுதான். மொத நாளு அரை மணிக்கூறு கழிச்சு வந்துச்சு. இப்ப அஞ்சு நிமிசத்துலயே வந்துருது."

"எத்தன நாளா?"

"நாலு."

மேஸ்திரி ஸ்க்ரூ டிரைவரைத் துணியில் துடைத்தார். தாத்தா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் இத்தனை வருசம் அதைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்க மாட்டேன்.

கிராங் பெட்டியின் கதவைத் திறந்தார்கள். அந்த வகை இன்ஜினில் ஆயிலை ஏற்றிவிடக் கனெக்டிங் ராடின் அடியில் சின்ன அகப்பை போல ஒன்று தொங்கும். சுற்றுக்கு ஒரு தடவை அது ஆயிலில் முங்கி அள்ளித் தெளிக்கும். பிக் எண்ட் பேரிங்கிற்கு அதுதான் சோறு. ஆயில் அகப்பைக்கு எட்டாத ஆழத்தில் கிடந்தது. மேஸ்திரி அதை விரலில் தொட்டுத் தேய்த்து வெயிலில் காட்டினார். சாளை மீனின் செதில் போலப் பொடிப் பொடியாக மினுங்கியது. பேரிங்கின் ஒயிட் மெட்டல். சிம் தகடு ஒன்றை உருவிவிட்டு இறுக்கினால் முதல் நாளிலேயே சரியாகியிருக்கும். நாலு நாள் அடித்ததில் கிராங் பின்னே கோடு விழுந்து கோணிவிட்டது என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. தொழில் பேச்சாகத்தான் சொன்னார்.

ரயில் எங்கள் ஊருக்கு 1981-இல்தான் வந்தது. கிராங் ஷாஃப்டைச் சாக்கில் கட்டி நாகர்கோவில் பஸ்ஸின் கூரையில் ஏற்றினார்கள். லேத் பட்டறையில் பின்னைக் கடைந்து, அதற்கேற்ற பேரிங் போட்டு வர பதினோரு நாள். பங்குனி வெயில். பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் மணிக்கு இவ்வளவு என்று தண்ணீர் பேசி, அவர் வேலை முடிந்த ராத்திரிகளில் தாத்தா மண்வெட்டியோடு மடை மாற்றிக்கொண்டு நின்றார். நான் லாந்தரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த வருசம் வாழை குலை சிறுத்துப் போனது. இன்ஜின் திரும்ப வந்த நாள் காலையில் அவர் பழையபடியே கேட்டார், "ஆயில் பாத்தியால?" குரலில் ஒரு மாற்றமும் இல்லை. அளவுகோலை உருவி அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "எனக்கு என்னத்துக்குக் காட்டுத? நீ பாத்தாச் சரி" என்றார்.

1990-இல் உழவர்கள் எல்லாருக்கும் இலவச மின்சாரம் என்று ஆனது. எங்களுக்கு இணைப்பு வர இன்னும் சில வருசம் பிடித்தது. மோட்டாரும் வந்தது, இன்ஜின் பழைய இரும்புக்குப் போனது. ஒரு ஃப்ளைவீலை மட்டும் நான் கொடுக்கவில்லை. கிணற்றடியில் தென்னையில் சாய்ந்து நிற்கிறது. அங்கே நின்றால் மகேந்திரகிரி மலை தெரியும். 2022 ஜனவரி 12 அன்று மகேந்திரகிரி ராக்கெட் தளத்தில் ககன்யானுக்கான கிரையோஜெனிக் இன்ஜினை 720 விநாடி விடாமல் எரித்துச் சோதித்தார்கள். செய்தியைப் படித்த அன்று எனக்கு ஸ்க்ரூ டிரைவரின் மரப்பிடி காதில் பட்டது போல இருந்தது.

"யப்பா, இருக்கியளா?"

"இருக்கேன். பிளேடைச் சுத்துத சுவிட்ச அமத்திட்டு இன்ஜின மட்டும் ஓட விடு."

ஓட விட்டான். ஆட்டம் முக்கால்வாசி போய்விட்டது என்றான். இது கிணற்றடியில் பெல்ட்டைக் கழற்றினது. இன்ஜினை நிறுத்தி, பிளக் வயரைக் கழற்றிவிட்டு அடியில் பார்க்கச் சொன்னேன். பிளக் வயரை இரண்டு தடவை சொன்னேன். கை போகிற இடம் அது. ஒரு பிளேடின் முனை வளைந்திருந்தது. போன வாரம் ஓக் மரத்து வேரில் இடித்தானாம். புதிது போடு, போடுமுன் நடு ஓட்டையை ஓர் ஆணியில் மாட்டித் தொங்கவிட்டுப் பார், ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத்தை அரம் போட்டுக் குறை என்றேன். நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றுப்போல ஓடுகிற பிளேடில் கொஞ்சம் எடை கூடினாலும் வண்டி முழுவதும் உதறும்.

"டொக்கு நிக்கலயேப்பா."

"அது வேற. எடுத்தவுடனே வருதா, ஓடுன பெறகு வருதா?"

"பத்து நிமிசம் ஓடுன பெறகுதான்."

வெளியே காற்று ஒரு சுற்று ஓய்ந்து மறுபடி பிடித்தது. ஜன்னல் கொக்கி அடித்தது.

"ஆயில் பாத்தியா?"

"பாத்தேம்ப்பா."

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. அந்த வேகம் எனக்குத் தெரியும். அளவுகோலை உருவிப் பார்த்தவன் கோட்டுக்கு மேலே, கீழே என்று ஏதாவது சொல்லுவான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பக்கமும் சத்தம் இல்லை. பிறகு புல்லில் அவன் நடக்கிற சத்தம், இன்ஜின் மூடியைத் தூக்குகிற சத்தம், துணியில் எதையோ துடைக்கிற சத்தம்.

"யப்பா" என்றான்.

"சொல்லுய்யா."