சொறி இல்லீங்க, ஜாதியே அப்படி

போன வருஷம் சித்திரை. கத்திரி வெயில் தொடங்க 2 நாள் இருந்தது. நெமிலியில் என் கிளினிக்கில் கடைசி டோக்கனும் முடிஞ்சு ஷட்டரை இறக்கப் போற நேரத்தில், ரிட்டயர் ஆன தமிழ் வாத்தியார் ஒருத்தர் உள்ளே வந்தார். கையில் மார்க்கெட் கூடை. அதன் மேல் ஈரத் துண்டு.

"தம்பி, இவனை ஒரு பார்வை பாருங்க."

துண்டை விலக்கினார். உள்ளே ஒரு சின்ன நாய். உடம்பில் முடியே இல்லை. சாம்பலும் ரோஜா நிறமும் கலந்த வெறுந்தோல். உச்சந்தலையில் மட்டும் வெள்ளையா ஒரு குடுமி. வால் நுனியிலும் நாலு பாதத்திலும் சாக்ஸ் போட்ட மாதிரி கொஞ்சம் முடி.

சென்னையில் இருக்கும் மகன் ஆசைப்பட்டு வாங்கினாராம். குழந்தை பிறந்ததும் பார்த்துக்க முடியாம அப்பாவிடம் கொண்டுவந்து விட்டுட்டார். மகன் வைத்த இங்கிலீஷ் பேர் வாயில் நுழையாததால் வாத்தியார் வைத்த பேர் "குடுமி".

"ஐயா, நான் மனுஷ டாக்டர். கால்நடை டாக்டர்கிட்ட காட்டுங்க."

"காட்டிட்டேன். நல்லா இருக்கான், இவன் ஜாதியே இப்படித்தான்னு எழுதியே குடுத்துட்டார். தெருவுல நம்ப மாட்டேங்கிறாங்க. சொறி நாய், புள்ளைங்களுக்கு ஒட்டிக்கும்னு பெட்டிஷன் எழுதி கையெழுத்து வாங்குறாங்க. புள்ளைங்களுக்கு ஊசி போடுற நீங்க சொன்னா நம்புவாங்க."

எனக்கும் ஒரு நிமிஷம் சந்தேகம்தான். தொட்டுப் பார்த்தேன். செதில் இல்லை, புண் இல்லை, அரிப்பு இல்லை. ஆனா உடம்பு நல்ல சூடு. "ஜுரம் இருக்கோ?" என்றேன்.

அதுவும் நோய் இல்லை. நாயின் சாதாரண உடல் வெப்பமே 101-லிருந்து 102.5 டிகிரி வரை. மற்ற நாய்களில் முடி நடுவில் இருப்பதால் நம் கைக்குத் தெரியாது. இதில் தோலையே நேரடியா தொடுறோம். மெக்சிகோவில் இதே மாதிரி முடியில்லா நாய்களை, மூட்டு வலிக்கு ஒத்தடம் மாதிரி பக்கத்தில் படுக்க வைக்கும் பழக்கம் உண்டு.

அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து படிச்சதை உங்களுக்கும் சொல்றேன்.

இந்த ஜாதிக்குப் பேர் சைனீஸ் கிரெஸ்டட். பொம்மை நாய் வகை. உயரம் சுமார் ஒரு அடி, எடை 4-லிருந்து 5½ கிலோ. பேரில்தான் சீனா. சீனக் கப்பல்களில் எலி பிடிக்க வளர்த்தாங்கன்னு ஒரு கதை சொல்வாங்க. ஆனா ஜீன் வேற கதை சொல்லுது.

2008-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வுப்படி, சைனீஸ் கிரெஸ்டட், மெக்சிகோவின் ஷோலோ, பெருவின் முடியில்லா நாய் ஆகிய 3 ஜாதியிலும் ஒரே ஜீனில் ஒரே பிழை இருக்கு. அந்த ஜீன் பேர் ஃபாக்ஸ்-ஐ-3. அதில் 7 எழுத்துகள் அடுத்தடுத்து ரெண்டு தடவை அச்சாகியிருக்கு. அதுக்கு அப்புறம் வாக்கியம் குழம்பி பாதியில் நின்னு போகுது.

மறுநாள் வாத்தியாரிடம் இதைச் சொன்னப்போ சிரிச்சார். "எழுத்துப் பிழையா? 34 வருஷம் அதைத்தானே தம்பி திருத்திட்டிருந்தேன்."

நம்ம பக்கத்து ஆட்களுக்கு இது இன்னும் நல்லா புரியும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி டேனரிகளில் ஒரு தோலிலிருந்து முடியை எடுக்க சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் போட்டு ஊற வைக்கணும். அவ்வளவு கெட்டியா வேர் விட்டிருக்கும். இந்த நாய்க்கு வெறும் 7 எழுத்து, அதுவும் தாய் வயித்துக்குள்ளேயே, அந்த வேலையை முடிச்சுடுது.

இந்தப் பிழை ஒரு பிரதி இருந்தா முடி இல்லாத குட்டி. ரெண்டு பிரதி வந்தா கருவிலேயே இறந்துடும். பிழையே இல்லாட்டி உடம்பு பூரா பட்டு மாதிரி முடியோட பிறக்கும். அதுக்கு 'பவுடர் பஃப்'னு பேர். ஒரே ஈற்றில் மொட்டையும் முடியும் சேர்ந்தே பிறக்கும். பவுடர் பஃப் குட்டியைப் பார்த்து "ஏமாத்திட்டான்"னு விற்றவரிடம் சண்டைக்குப் போகாதீங்க.

அமெரிக்காவில் 1880-களிலேயே ஐடா காரெட் என்ற பத்திரிகையாளர் இந்த நாய்களைப் பற்றி எழுதி வளர்த்தார். அவர் வழியில் டெபோரா வுட் தொடர்ந்தார். 1950-களில் ஜிப்சி ரோஸ் லீ என்ற நடனக்காரியின் வீட்டுக்கு ஒரு நாய் போய், அந்த வம்சமும் பெருகியது. 1991-ல்தான் அமெரிக்கன் கென்னல் கிளப் முழு அங்கீகாரம் கொடுத்தது.

கலிஃபோர்னியாவில் நடக்கும் 'உலகின் அசிங்கமான நாய்' போட்டியை அடிக்கடி ஜெயிக்கிறதும் இதுதான். சாம் என்ற கண் தெரியாத சைனீஸ் கிரெஸ்டட் 2003, 2004, 2005 என 3 வருஷம் தொடர்ந்து ஜெயிச்சது. அங்கே பரிசு. நம்ம தெருவில் பெட்டிஷன்.

குணம்? குடுமியை வைத்தே சொல்றேன். மடியை விட்டு இறங்காது. வாத்தியார் பாத்ரூம் போனாக்கூட கதவுக்கு வெளியே உட்கார்ந்து முனகும். புது ஆளைப் பார்த்தா பின்னாடி ஒளியும், அரை மணி நேரத்தில் மடியில் ஏறும். காவலுக்கு லாயக்கில்லை. நாள் முழுக்க வீட்டைப் பூட்டிட்டு வேலைக்குப் போறவங்க இதை வளர்க்கவே கூடாது. தனிமை இதுக்கு ஆகாது.

இப்போ நான் ஏன் இந்த த்ரெட் எழுதறேன் என்ற விஷயத்துக்கு வர்றேன்.

குடுமி கொட்டாவி விட்டப்போ வாயைப் பார்த்தேன். பாதிப் பல் இல்லை. இருக்கும் பல்லும் கூர் கூரா, முன்னாடி சாய்ஞ்சு இருந்தது. "விழுந்துடுச்சா ஐயா?" "இல்ல தம்பி, முளைக்கவே இல்லையாம்."

முடிக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்? கருவில் வெளிப்படலம் என்ற ஒரே அடுக்கிலிருந்துதான் முடி, பல், நகம், வியர்வைச் சுரப்பி எல்லாம் உருவாகுது. ஒண்ணில் பிழைன்னா இன்னொண்ணிலும் தேடணும். முடியில்லா நாய்களுக்குப் பல் குறைவுன்னு 1859-லேயே டார்வின் எழுதியிருக்கார். பிறகு 1875-ல் வந்த இன்னொரு புத்தகப் பதிப்பில் நம்ம துணைக்கண்டத்துக் குடும்பம் ஒன்றையும் சேர்த்தார். சிந்து மாகாணத்தில் 4 தலைமுறையில் 10 ஆண்கள். வாயில் சில பல் மட்டும், உடம்பில் முடி மிகக் குறைவு, வெயில் காலத்தில் தோல் காய்ஞ்சு அவதி. மகள்களுக்கு வராது. ஆனா மகள்கள் வழியா அவங்க மகன்களுக்கு வரும்.

இதைப் படிச்சுட்டிருந்தப்போ எனக்குக் கை நின்னு போச்சு.

3 வயசுப் பையன் ஒருத்தன். அம்மா ஷூ கம்பெனியில் வேலை. மாசி கடைசியிலிருந்து 3 தடவை என்கிட்ட வந்திருந்தான். "சார், இன்னா மருந்து குடுத்தும் ஜுரம் எறங்க மாட்டேங்குது." 103, 104. மலேரியா, டைஃபாய்டு, டெங்கு, யூரின் எல்லா டெஸ்ட்டும் நார்மல். ஒவ்வொரு தடவையும் நான் ஒரு ஆன்டிபயாடிக் மாத்திக் கொடுத்து அனுப்பினேன்.

தலையில் முடி இல்லையேன்னு கேட்டப்போ பாட்டி, "திருத்தணியில மொட்டை போட்டோம், இன்னும் வளரல" என்றார். பல் பத்தி, "லேட்டா மொளைக்கும்னாங்க." நான் சரின்னு தலையாட்டியிருந்தேன். ஒரு நாயின் வாயைப் பார்த்த அளவுக்கு நான் அந்தப் பிள்ளையின் வாயைப் பார்க்கலை.

காலையிலேயே போன் போட்டு வரச் சொன்னேன்.

"இவனுக்கு வேர்த்து நீ பார்த்திருக்கியாம்மா?"

கொஞ்ச நேரம் பேசலை. "இல்ல சார். வேர்க்குருகூட வராத புள்ளைன்னு எல்லாரும் பெருமையா சொல்லுவாங்க."

வாயைத் திறந்தேன். முன்னாடி ஆணி மாதிரி கூரா 2 பல். அவ்வளவுதான். அம்மாவையும் சிரிக்கச் சொன்னேன். அவருக்கும் மேலே ஒரு பல் பிறவியிலேயே இல்லை. பாட்டி மெதுவா சொன்னார்: "எனக்கும் மூத்தது ஒரு ஆம்பளப் புள்ள சார். ஒரு வயசுல, இதே சித்திரையில, ஜுரம் வந்து போயிட்டான்."

வேலூருக்கு அனுப்பினோம். ஜீன் பரிசோதனையில் உறுதியாச்சு. வியர்வை குறைந்த வெளிப்படலக் குறைபாடு. இதற்கான ஈ.டி.ஏ. ஜீனை 1996-ல் கண்டுபிடிச்சாங்க. நாயின் ஜீன் வேற, இது வேற. ஆனா முடியும் பல்லும் உருவாகும் பாதையில் ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு தொடர்புள்ளவை.

அவனுக்கு வந்தது கிருமி ஜுரம் இல்லை. வியர்வை இல்லாததால் உடம்புச் சூடு வெளியேற வழி இல்லை. பாராசிட்டமால் இதில் வேலை செய்யாது. தண்ணிதான் மருந்து. நனைச்ச பனியன், ஸ்ப்ரே பாட்டில், ஃபேன், நிழல், அடிக்கடி குடிக்கத் தண்ணி. அந்தக் கோடையில் அப்புறம் ஒரு ஆன்டிபயாடிக்கும் தேவைப்படலை. இந்த வருஷம் அவனுக்குக் குட்டி பல்செட் போட்டாச்சு. முறுக்கு கேட்கிறான்.

அவன் அப்பா வீட்டில் யாரும் அம்மாவைக் குறை சொல்லக் கூடாதுன்னு எல்லாரையும் உட்கார வைத்துப் பேசினேன். எழுத்துப் பிழைக்கு யாரும் குற்றவாளி இல்லை.

குடுமி என்ன ஆனான்? லெட்டர் எழுதித் தரலை. ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வாத்தியார் வீட்டுத் திண்ணையில் அவனை மடியில் வைத்துக்கிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். முதலில் பிள்ளைங்க வந்தாங்க. அப்புறம் அம்மாக்கள். "தொட்டா சுடுது சார்!" பெட்டிஷன் எங்கே போச்சுன்னு தெரியலை.

சுருக்கமா:

1. முடியில்லா நாய் வளர்த்தா காலை 9 முதல் மாலை 5 வரை வெயிலில் விடாதீங்க. தோல் வெந்து போகும். மார்கழிக் குளிரில் சட்டை வேணும்.

2. நாம் பூசும் சன்ஸ்கிரீனைத் தடவாதீங்க. நக்கிடும். துத்தநாகம் கலந்தது நாய்க்கு விஷம். கால்நடை மருத்துவரைக் கேட்டு வாங்குங்க.

3. இதன் தோலில் பரு வரும். மிதமான குளியல், மென்மையா துடைத்தல் போதும். எண்ணெய் தேய்த்து ஊற வைக்காதீங்க. பல் குறைவு என்பதால் ஈறையும் அடிக்கடி பாருங்க.

4. முடி இல்லாட்டியும் நாய் நாய்தான். வருஷா வருஷம் ரேபிஸ் தடுப்பூசி கட்டாயம். கடிச்சா, கீறினா சோப்பு போட்டு 15 நிமிஷம் ஓடும் தண்ணியில் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்க.

5. வெயில் காலத்தில் மட்டும் திரும்பத் திரும்ப ஜுரம், வியர்வை இல்லை, முடி குறைவு, பல் குறைவு அல்லது கூர் பல். இந்த நாலும் ஒரு பிள்ளைக்குச் சேர்ந்து இருந்தா குழந்தை மருத்துவரிடம் "வேர்க்கவே மாட்டேங்குது"ன்னு நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்க. என்னை மாதிரி அவரும் கேட்க மறந்திருக்கலாம்.

(அந்தப் பெற்றோரும் வாத்தியாரும் சம்மதம் சொன்ன பிறகே எழுதினேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கேன்.)

இந்தச் சித்திரையில் பையனும் குடுமியும் ஒரே திண்ணையில்தான் சாயங்காலம் உட்கார்றாங்க. வாத்தியார் ரெண்டு துண்டு நனைச்சு வைக்கிறார்.