மணியும் மொழியும்

ஜொகூர் பாருவிலிருந்து பாசிர் கூடாங் செல்லும் வழியில் இருக்கிறது மாசாய். முன்னர் ரப்பர் மரங்களும் செம்பனைகளும் சூழ்ந்திருந்த அவ்வூரை இன்று குடியிருப்புகளும் தொழிற்சாலைகளும் சூழ்ந்துள்ளன. தெற்கே சிறிது தூரத்தில் ஜொகூர் நீரிணை. அதற்கப்பால் சிங்கப்பூர்த் தீவு. தீவையும் கடந்தால் பழங்காலக் கப்பல்கள் சீனத்துக்குச் சென்ற சிங்கப்பூர் நீரிணை. அந்த நீரிணையில் 1552ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 21, 22ஆம் நாள்களில் சென்றுகொண்டிருந்த ‘சாந்தா குரூஸ்’ என்னும் கப்பலில் அமர்ந்து ஒருவர் கடிதங்கள் எழுதினார். அவர்தாம் பிரான்சிசு சவேரியார். சவரிமுத்து என்றும் சவரியம்மாள் என்றும் இன்றளவும் தமிழ்க் கத்தோலிக்கர் தம் மக்களுக்குப் பெயரிடுவது அவரை நினைந்தே.

அவரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அற்புதங்களையே பேசுகின்றனர். அவருடைய கடிதங்களைப் படிப்பவர்க்கோ வேறொரு மனிதர் தென்படுகிறார். தெரியாத நாட்டில், தெரியாத மொழியில், ஒவ்வொரு நாளையும் எவ்வாறு நடத்துவது என்று திண்டாடிய மனிதர் அவர்.

1542ஆம் ஆண்டு மே மாதம் கோவாவில் இறங்கிய சவேரியார், அவ்வாண்டின் பிற்பகுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். பரதவ மக்கள் சில ஆண்டுகளுக்கு முன்பே ஞானஸ்நானம் பெற்றிருந்தனர். ஆனால் மந்திரங்களைச் சொல்லிக்கொடுப்பார் எவருமில்லை. வந்தவருக்கோ தமிழ் தெரியாது. தமிழும் போர்த்துக்கீசியமும் ஓரளவு அறிந்த சிலரைக் கூட்டி வைத்துக்கொண்டு, பல நாள் உழைத்து, சிலுவை அடையாளம் முதற்கொண்டு விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள் வரை தமிழாக்கினார். அவற்றை நெட்டுருச் செய்தார். பின்னர்க் கையில் ஒரு மணியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். மணியோசை கேட்டுப் பிள்ளைகள் திரண்டனர். நாளொன்றுக்கு இருமுறை பாடம். ஏறத்தாழ ஒரு மாதத்தில் பிள்ளைகளுக்குப் பாடமாயிற்று. அவர்கள் வீட்டிற்குச் சென்று பெற்றோர்க்கும் அயலார்க்கும் சொல்லிக்கொடுத்தனர். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில், ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோவதையும், மந்திரங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் குரல் கட்டிப்போவதையும் அவர் தெரிவிக்கிறார். நோயாளிகள் பல வீடுகளிலிருந்தும் ஆள் அனுப்பினர். தம்மால் போக இயலாத இடங்களுக்குப் பிள்ளைகளையே அனுப்பி வைத்தார்.

பொருள் முழுதும் விளங்காமல் ஒருவர் ஒப்புவிக்க, அதனை நூறு பேர் திருப்பிச் சொல்வது என்ன ஊழியம் என்று கேட்போர் உண்டு. அக்கேள்வி நியாயமானதே. அவருக்குள்ளும் அந்த உறுத்தல் இருந்தது என்பதற்குச் சான்றும் உண்டு. 1544ஆம் ஆண்டு தம் உடன் ஊழியராகிய மன்சில்யாசுக்கு எழுதிய கடிதம் ஒன்றில், விசுவாசப் பிரமாணத்தில் இடம்பெற்றிருந்த ‘எனக்கு வேணும்’ என்பதை மாற்றி ‘விசுவாசம்’ என்னும் சொல்லை அமைக்கும்படி சொல்கிறார். கடவுளை நம்புகிறேன் என்று சொல்ல வேண்டிய இடத்தில், கடவுள் எனக்கு வேண்டும் என்று கரையோர ஊர்கள் சொல்லிக்கொண்டிருந்தன! கிறிஸ்து பாடுபட்டது பிறர் வற்புறுத்தலால் என்று பொருள்படக்கூடிய மற்றொரு சொல்லையும் அவர் விலக்கச் சொன்னார். நம்புவதற்கும் வேண்டுவதற்கும் உள்ள வேற்றுமையை அவருக்கு உணர்த்தியவர் எந்தப் புலவருமல்லர். அக்கரையின் பேச்சுத் தமிழே உணர்த்தியிருக்க வேண்டும். (கடவுளை வேண்டும் என்று சொன்ன பரதவக் கிழவி பெரிதாக ஒன்றும் பிழைபடவில்லை என்று கருதவும் இடமுண்டு.)

அவ்வாண்டிலேயே வடுகர் படை கரையோரத்தைச் சூறையாடியது. மக்கள் குமரி முனைப் பாறைகளில் ஒதுங்கி, உணவும் நீருமின்றித் தவித்தனர். மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளில் உணவேற்றிக்கொண்டு புறப்பட்டார் சவேரியார். எதிர்க்காற்று விடவில்லை, கரையேறித் தரைவழியே நடந்தே சென்றார். அந்தக் கோடையில் மந்திரத்தைவிட அரிசி பெரிதாயிற்று.

ஊர்தோறும் அவர் அமர்த்திய உபதேசிகளுக்குக் கணக்கப்பிள்ளை என்று பெயர். மலாயாத் தோட்டங்களில் சம்பளப் புத்தகத்தோடு நின்ற கணக்கப்பிள்ளையை அறிந்தவர்க்கு இது வியப்பளிக்கும். இவர்களுடைய ஊதியத்துக்குப் போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென ஒதுக்கிய பணம் உதவியது.

1545இல் மயிலைச் சாந்தோமில் சில மாதங்கள் தங்கிய பின், செப்டம்பர் இறுதியில் அவர் மலாக்காவுக்கு வந்து சேர்ந்தார். அங்கே மருத்துவமனையில் தங்கினார். நோயாளிகளின் பாவசங்கீர்த்தனம் கேட்டார். ஞாயிறுதோறும் பிரசங்கம் செய்தார். பிள்ளைகளுக்கு நாடோறும் பாடம் சொன்னார். கை மணியோ கூடவே வந்துவிட்டது. இரவில் அதனை ஒலித்துக்கொண்டு, இறந்தோர்க்காகச் செபிக்கும்படி தெருத்தெருவாக அழைத்தார். ஆனால் தமிழ் இங்கே உதவவில்லை. மக்காசார் மக்கள் அறியக்கூடிய மொழியில் மந்திரங்களை மீண்டும் முதலிலிருந்து பெயர்க்க வேண்டியதாயிற்று. மொழி தெரியாமை பெருந்துன்பம் என்று அவ்வாண்டு நவம்பரில் மலாக்காவிலிருந்து எழுதினார். மூன்றாண்டுக்காலம் முத்துக்குளித்துறையில் பட்ட பாட்டை மறுபடியும் தொடங்குபவரின் களைப்பு அச்சொற்களில் இருக்கிறது. பின்னர் 1549இல் சப்பானுக்குச் சென்றபோதும் அதே கதைதான்.

1552இல் சீனம் செல்லக் கருதிய வேளையில் மலாக்காவின் கடற்படைத் தளபதி குறுக்கே நின்றார். தூதராகச் செல்லவிருந்த நண்பர் தியோகோ பெரேரா தடுக்கப்பட்டார். சவேரியார் மட்டும் அதே கப்பலில் புறப்பட்டார். நீரிணையிலிருந்து பெரேராவுக்கு எழுதிய கடிதத்தில், நண்பருக்கு நேர்ந்த இழப்புக்குத் தம் பாவங்களையே காரணமாகச் சொல்லி வருந்துகிறார்.

சீனக் கரைக்கு எதிரேயுள்ள சாங்சுவான் தீவில், 1552 டிசம்பர் 3ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். துணையிருந்த சீன இளைஞன் அந்தோனி கோவாக் கல்லூரியில் நெடுங்காலம் பயின்றவன்; தாய்மொழியில் பெரும்பகுதியை மறந்துவிட்டவன். மொழிபெயர்க்க அழைத்து வந்தவனுக்கும் மொழி இல்லை.

மறு ஆண்டு அவருடைய உடலை அதே ‘சாந்தா குரூஸ்’ கப்பல் சிங்கப்பூர் நீரிணை வழியாகத் திரும்பக் கொணர்ந்தது. 1553 மார்ச் 22ஆம் நாள் மலாக்காவை அடைந்த உடலைக் குன்றின்மேலிருந்த ஆலயத்தில் புதைத்தனர். சில மாதங்களுக்குப் பின் அதைக் கோவாவுக்குக் கொண்டு சென்றனர். மாசாயிலிருந்து மலாக்காவுக்குச் சுற்றுலாப் பேருந்தில் செல்வோர் குன்றேறி, இடிந்த சுவர்களுக்கு நடுவே கம்பி வலையிட்ட அந்த வெறுங்குழியை எட்டிப் பார்த்துவிட்டு இறங்குகின்றனர்.