பீலித் தண்ணீர்

ஜனவரி 6, 2024

பெல்மதுளையில் உரம் ஏற்றிக்கொண்டு வந்தேன். ஓப்பநாயக்கவுக்கு ஏறும் மேட்டில் வெப்ப முள் சிவப்பைத் தொட்டது. ஓரங்கட்டி ஆறவிட்டு, ரேடியேட்டர் மூடியைக் கழற்றி ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தால் தண்ணீரில் ஓயாமல் குமிழி. சிலிண்டரில் அடைபட வேண்டிய அழுத்தம் தண்ணீர் வழிக்குள் புகுந்துவிட்டது. லொறியில் கட்டித்தான் வீட்டுக்கு இழுத்து வந்தோம்.

1989ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் கெப். டூ-எல் டீசல் என்ஜின், நான்கு சிலிண்டர், 2,446 சிசி. தோட்டத்து லொறி டிரைவராக இருந்த அப்பா, ஓய்வுபெற்றபோது கிடைத்த ஈ.பி.எப். காசில் வாங்கியது. சிறுதோட்டக்காரர்களின் கொழுந்து இதில்தான் தொழிற்சாலைக்குப் போகிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து பழைய கெப்பின் விலைகூட எங்களுக்கு எட்டுவதில்லை. அதனால் இரவு பேச்சு நீளவில்லை. இதையே பிரித்துச் செய்வோம் என்று முடிவாயிற்று.

ஜனவரி 10

கராஜ் வைத்திருக்கும் மாமா வந்தார். மதியத்துக்குள் ஹெட்டைத் தூக்கிவிட்டோம். மூன்றாவது சிலிண்டரின் இரண்டு வால்வுகளுக்கு நடுவில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. அதைவிட என்னை உறைய வைத்தது பிளாக்கின் தண்ணீர் வழி. கம்பியை விட்டுக் கிளறக் கிளற செங்கல் நிறத்தில் சேறு வந்துகொண்டே இருந்தது. தேமோஸ்டாட் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. சூடான ஊர், அது எதற்கு என்று யாரோ எப்போதோ கழற்றி எறிந்திருக்கிறார்கள்.

“ஒயில மட்டும் பாத்தா போதுமா மருமகனே? தண்ணிய யாரு பாக்குறது?” என்றார் மாமா.

அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

ஜனவரி 15

பொங்கல். கெப்பைத் தொடவில்லை. சாப்பிட்ட பிறகு அப்பாவே பேச்சை எடுத்தார். “பீலித் தண்ணிதானேப்பா ஊத்தினேன். நாம குடிக்கிற தண்ணி.”

லயத்தில் இருந்த காலத்திலிருந்து அது அவருடைய பழக்கம். விடிந்ததும் தண்ணீர் ஓடிவந்து விழும் பீலியில் கேன் பிடித்து, ரேடியேட்டரை விளிம்பு வரை நிரப்பி, அதன் பிறகுதான் சாவியைத் தொடுவார். ஒரு நாள் தவறியதில்லை. குடிக்க நல்ல தண்ணீர் இரும்புக்கும் நல்லதாக இருக்க வேண்டியதில்லை என்று மெதுவாகச் சொன்னேன். ஓடிவரும் தண்ணீரில் ஒட்சிசன் கரைந்திருக்கிறது. அதுதான் இரும்பைத் துருவாக்குகிறது. ஒரே தண்ணீர் மூடிக்குள் சுற்றினால் அதிலுள்ள ஒட்சிசன் செலவாகித் துரு தணியும். கசிவை அடைக்காமல் தினமும் புதுத் தண்ணீர் ஊற்றினால், தினமும் புது ஒட்சிசன். துருச்சேறு ரேடியேட்டர் குழாய்களை அடைக்கும். மேட்டில் பாரத்தோடு ஏறும்போது சூடு வெளியேற வழியில்லாமல் ஹெட்டில் தேங்கும்.

கூலன்டில் துருவைத் தடுக்கும் மருந்து இருக்கிறது, கொதிநிலையையும் உயர்த்தும் என்றேன். மூடியின் ஸ்பிரிங் அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால் 100 பாகையிலும் கொதிக்காது என்றேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். இத்தனை வருட அக்கறைதான் என்ஜினைத் தின்றது என்று சொல்வதைப் போல இருந்தது எனக்கு. அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

ஜனவரி 24

நாளை போயா, லேத் கடை பூட்டியிருக்கும். அதனால் இன்றைக்கே பிளாக்கை இரத்தினபுரிக்குக் கொண்டுபோனோம். லேத் கடை பாஸ் ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் டயல் கேஜை இறக்கி, மேலே, நடுவில், கீழே என்று அளந்தார். புதிதில் 92 மில்லிமீற்றர். மேல் ரிங் திரும்பும் இடத்தில் 92.22. கீழே கிட்டத்தட்ட புதிது மாதிரி. அழுத்தமும் சூடும் மேலேதான் அதிகம், ஒயில் படலம் மெலிவதும் அங்கேதான். விரலால் தடவினால் ஒரு சிறு படி தட்டுப்பட்டது. 92.50க்குப் போர் பண்ணி அரை மில்லிமீற்றர் ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவதாக முடிவு. மாணிக்கக் கல்லைக் கரட்டில் நிறுத்துப் பேசும் ஊர் அது. நூறில் ஒரு பங்கு மில்லிமீற்றருக்காக அவர் மூன்று தரம் அளந்ததை நான் நின்று பார்த்தேன். அந்தக் கைக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும்.

வேறு ஹெட் கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைத்தது. தண்ணீர் வழிகளை அடைத்து, காற்றழுத்தம் கொடுத்து, நீரில் அமிழ்த்திச் சோதித்துப் பார்த்த பிறகுதான் காசு கொடுத்தேன். ரேடியேட்டரின் தொட்டிகளைக் கழற்றி, குழாய்க்குக் குழாய் ரொட் அடித்தார்கள். பாதிக்கு மேல் அடைபட்டிருந்தது.

பெப்ரவரி 11

இரண்டு நாளாகப் பூட்டும் வேலை. இந்த என்ஜினில் பிஸ்டன் மேலே வரும்போது பிளாக் மட்டத்தைக் கொஞ்சம் தாண்டி நிற்கும். நான்கிலும் அதை அளந்து, அதிகம் நிற்பதற்குத் தக்கபடி மூன்று தடிப்புகளில் வரும் கேஸ்கெட்டில் ஒன்றைத் தெரிய வேண்டும். ஒரு சிலிண்டரில் 640 சிசி இடம் அடைத்த காற்று, அமுங்கும்போது 29 சிசி அளவுக்குள் ஒடுங்குகிறது. ஸ்பார்க் பிளக் இல்லாமல் டீசல் பற்றுவது அந்த ஒடுக்கத்தின் சூட்டில்தான். கேஸ்கெட் பத்தில் ஒரு பங்கு மில்லிமீற்றர் மாறினாலும் கணக்கு மாறிவிடும். கையில் அகப்பட்டதைப் போட்டுப் பூட்டுகிறவர்கள் இதை நினைக்க வேண்டும்.

ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே, மூன்று சுற்றாக டோர்க் ரென்ச்சில் இறுக்கினோம். டைமிங் பெல்ட் புதிது. 100,000 கிலோமீற்றரில் மாற்றச் சொல்லி டேஷ்போர்டில் ஒரு விளக்கு எரியும். எங்களுடையதில் பல்ப் எரிந்துபோய் எத்தனை காலமோ. இந்த பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதும், செய்த வேலை முழுவதும் போய்விடும். பல்பையும் மாற்றினேன். தேமோஸ்டாட்டும் போட்டேன். சூடேறாத என்ஜினிலும் போர் தேயும்.

பெப்ரவரி 13

காலை 9.40. இரண்டாவது சுற்றில் பற்றியது. கொஞ்சம் வெள்ளைப் புகை, பிறகு தெளிந்தது. அம்மா வாசலில் சூடம் கொளுத்தினார். மூடியைத் திறந்து வைத்துப் பார்த்தேன்: குமிழி இல்லை.

மார்ச் 3

1,000 கிலோமீற்றர். ஒயிலும் ஃபில்டரும் மாற்றினேன். பலாங்கொடை மேட்டில் அரைப் பாரத்தோடு ஏற்றி இறக்கி, ஒரே வேகத்தில் வைக்காமல் ஓட்டினேன். ரிங் போரில் படிய அதுதான் வழி.

திரும்பும் வழியில் ஓப்பநாயக்கவில் பழைய ஸ்டேஷன் இருந்த பக்கம் நின்றேன். களனிவெளிச் சிறு ரயில் இங்கே வந்துதான் முடிந்தது. இரண்டரை அடி அகலப் பாதை. இரத்தினபுரிக்கு இப்பாலுள்ள பகுதியை 1970களில் மூடிவிட்டார்கள். நீராவி எஞ்சின்காரர்களுக்குத் தண்ணீரின் குணம் தெரிந்திருக்கும். கொதிகலனில் உப்புப் படிந்தால் அவர்கள் பாடுதானே.

மார்ச் 4

ஐந்தரைக்கு எழுந்தபோது அப்பா கெப்பின் முன்னால் நின்றார். பொனட் திறந்திருந்தது. கையில் கேன் இல்லை, டார்ச் லைட். ரிசர்வ் டாங்கில் வெளிச்சம் அடித்துக் குனிந்து பார்த்தார்.

“கோட்டுலதான் நிக்கிது. பச்சையா இருக்கு” என்றார்.

பொனட்டை மூடிவிட்டு, சாவிக்குக் கையை நீட்டினார்.