எஞ்சினை இறக்கும் முன்

பழைய அம்பாசடரில் புதிதாக ஒரு சத்தம் கிளம்பினால், "நல்ல காது உள்ள மெக்கானிக்கிடம் காட்டு" என்பார்கள். சென்னை புதுப்பேட்டையிலும் கோவையிலும் இந்த வண்டிகளுக்கு இன்னும் வேலை பார்க்கும் பட்டறைகளுக்குப் போய்க் கவனித்த பிறகு, அந்தப் பாராட்டில் ஒரு குறை இருப்பதாகவே எனக்குப் படுகிறது. காது கூர்மையானதுதான், ஆனால் அது மட்டும் கோளாறைச் சொல்லிவிடுவதில்லை. ஓடுகிற எஞ்சினில் ஏதாவது ஒன்றை மட்டும் மாற்றுகிறார்கள், சத்தம் மாறுகிறதா என்று கேட்கிறார்கள், பொருந்தாத காரணங்களை ஒவ்வொன்றாகத் தள்ளுகிறார்கள். முறையான சோதனை இது. இதைக் கைராசி என்று சொல்லிவிட்டால், கற்றுக்கொடுக்கக்கூடிய, கூலி கொடுக்க வேண்டிய ஓர் அறிவு கணக்கிலேயே வராமல் போய்விடுகிறது.

அம்பாசடரில் நெடுங்காலம் ஓடியது 1489 சிசி கொண்ட பிஎம்சி பி-சீரிஸ் எஞ்சின். நான்கு சிலிண்டர், மூன்று மெயின் பேரிங். பக்கவாட்டில் சுழலும் கேம் ஷாஃப்ட், புஷ் ராடு வழியாக மேலே இருக்கும் ராக்கர்களைத் தள்ளுகிறது. கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்றுதான். அதனால் டேப்பெட் சத்தம் எஞ்சின் வேகத்தில் பாதி வேகத்தில், மெல்லிய 'டிக் டிக்' என்று வரும். சந்தேகம் தீர, வால்வு மூடியைக் கழற்றி, எஞ்சின் ஐடிலில் ஓடும்போதே ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் ஃபீலர் கேஜ் தகட்டைச் செருகுகிறார்கள். எந்த வால்வில் செருகும்போது சத்தம் அடங்குகிறதோ, அங்கேதான் இடைவெளி கூடியிருக்கிறது. எதிலும் அடங்காவிட்டால் வேறு இடம் பார்க்க வேண்டும். பெட்ரோல் பம்ப்பையும் அதே கேம் ஷாஃப்ட்தான் ஆட்டுகிறது. அதுவும் டிக்கென்று அடிக்கும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் கசிவு இருந்தாலும் கிட்டத்தட்ட அதே சத்தம்தான். ஆனால் அது பெரும்பாலும் குளிர்ந்த எஞ்சினில் பலமாக இருந்து, இரும்பு சூடேறி விரிந்ததும் குறையும்.

'டொக் டொக்' என்ற கனமான சத்தம்தான் உரிமையாளர்களைப் பயமுறுத்துவது. பிளக் ஒயரை ஒன்றொன்றாகக் கழற்றிப் பார்ப்பது இங்கே முக்கியமான சோதனை. ஒரு சிலிண்டரில் தீப்பொறி நின்றால், வெடித்துப் பிஸ்டனைத் தள்ளும் விசையும் அங்கே நின்றுவிடும். தேய்ந்த பிக் எண்ட் பேரிங் அந்தச் சிலிண்டரில் இருந்தால் சத்தம் உடனே தணியும். எந்த ஒயரைக் கழற்றினாலும் பெரிய மாற்றமில்லை, பாரம் ஏறும்போது அடியிலிருந்து 'தம் தம்' என்று வருகிறது, ஆயில் பிரஷரும் இறங்கியிருக்கிறது என்றால் மெயின் பேரிங் பக்கம் சந்தேகம் திரும்புகிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் அடித்து, சூடேறியதும் மறைந்தால், பெரும்பாலும் பிஸ்டன் சிலிண்டர் சுவரில் தட்டுகிறது. சூட்டில் பிஸ்டன் விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்கிறது. அதோடு இன்னும் பல காலம் ஓட்டலாம். ஃபேன் பெல்ட்டைக் கழற்றி ஒரு நிமிடத்துக்குள் ஓட்டி நிறுத்தினால் டைனமோவும் வாட்டர் பம்ப்பும் குற்றவாளியா இல்லையா என்று தெரிந்துவிடும். மேட்டில் திணறும்போது மட்டும் 'கிணிங் கிணிங்' என்றால் பேரிங்கைத் தொடவே வேண்டாம், முதலில் டைமிங்கைப் பார்க்க வேண்டும். இன்றைய கார்களில் நாக் சென்சார் அந்த அதிர்வைக் கேட்டு, தீப்பொறியைத் தானாகவே தாமதப்படுத்துகிறது. அம்பாசடரில் ஓட்டுநரின் காதும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பும் கையும்தான் அந்தச் சென்சார்.

இவ்வளவு மெனக்கெடுவானேன், எஞ்சினை இறக்கிப் பிரித்தால் எல்லாம் தெரிந்துவிடுமே என்று கேட்பவர்கள் உண்டு. தெரியாது என்பதே என் பதில். சத்தம் ஓட்டத்தில் பிறப்பது. நிறுத்திப் பிரித்த எஞ்சினில் பாரம் இல்லை, சூடு இல்லை, ஆயில் பிரஷர் இல்லை. மேசைமேல் பரப்பிய பாகங்களில் எல்லாவற்றிலும் கொஞ்சம் தேய்மானம் தெரியும். சத்தம் போட்டது எது என்று சொல்ல அங்கே சாட்சி இருக்காது. அப்புறம் 'இறக்கியதுதான் இறக்கினோம்' என்று கிராங்க் ஷாஃப்ட் லேத் பட்டறைக்குப் போகும். கிராங்க்கைப் பத்து, இருபது, முப்பது, நாற்பது தௌ (ஒரு தௌ, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று அண்டர்சைஸுக்குத் தேய்க்கலாம், அதற்குமேல் வழியில்லை. அம்பாசடர் உற்பத்தியே 2014-இல் நின்றுவிட்டது. தேவையில்லாமல் தேய்த்த ஒவ்வொரு பத்தும் அந்த வண்டியின் ஆயுளிலிருந்து கழித்ததுதான்.

இன்னொரு ஆட்சேபம் இதைவிட வலுவானது. இரும்பு பிளாக் முழுக்கச் சத்தம் பரவும், முன்னால் பிறந்தது பின்னால் கேட்கும், ஆகவே காதை நம்ப முடியாது என்பது. இது உண்மை. நீண்ட ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதோரம் வைத்துக் கேட்பவர்களும் ஏமாறலாம். அதனால்தான் தேர்ந்தவர்கள் இடத்தைவிட மாற்றத்தை நம்புகிறார்கள். சத்தம் எங்கே உரக்கக் கேட்கிறது என்பது தடயம் மட்டுமே. பிளக் ஒயரைக் கழற்றியதும் அது தணிந்தது என்பது சாட்சியம். கருவிகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆயில் பிரஷர் கேஜும் ஸ்டெத்தாஸ்கோப்பும் இருந்தால் மிக நல்லது. ஆனால் ஸ்கேனரைச் செருக இந்த எஞ்சினில் இடமும் இல்லை, சென்சாரும் இல்லை. எந்தக் கருவியை வைத்தாலும் எதை மாற்றிப் பார்ப்பது என்று ஒரு மனிதர்தான் முடிவெடுக்க வேண்டும்.

பட்டறைக் கணக்கில் இந்த முடிவுக்கு விலை இல்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. பாகத்துக்குக் காசு, பிரித்துப் பூட்டுவதற்குக் கூலி. நின்று கேட்டு "வெறும் டேப்பெட்தான்" என்று சொல்லி அனுப்புபவருக்கு டீக்காசு கிடைத்தால் பெரிது. எஞ்சினை இறக்கச் சொல்பவருக்குத்தான் இதில் லாபம், நேர்மையானவருக்கு நட்டம். சத்தத்தைக் கண்டுபிடிப்பதற்கென்று தனிக் கூலி வைக்க வேண்டும், அதை உரிமையாளர்கள் முகம் சுளிக்காமல் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு சொன்னது தவறாக இருந்தால் என்ன செய்வது என்ற பயம் நியாயமானது. அதற்கும் வழி இருக்கிறது. எந்த ஒயரைக் கழற்றியபோது சத்தம் குறைந்தது, சூட்டில் எப்படி மாறியது என்று கேளுங்கள். உங்கள் கண்முன்னாலேயே ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள். இரண்டாவது ஒயரில் தணிகிற சத்தம் உங்கள் காதுக்கும் தணிந்துதான் கேட்கும்.