பத்தாயிரம் அடியில் எத்தனை வாட்?

அக்டோபர் பிறந்துவிட்டால் கொலராடோ மாநிலத்தின் மேற்குக் கோடியிலுள்ள கிராண்ட் ஜங்ஷன் ஊர்க் கடைகளில் எங்கு பார்த்தாலும் ஆரஞ்சு நிறம். துப்பாக்கியோடு எல்க் மான் வேட்டைக்குப் போகிறவர் இடுப்புக்கு மேலே குறைந்தது 500 சதுர அங்குலம் பளீரென்ற ஆரஞ்சோ பிங்க்கோ அணிந்திருக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம். சட்டை, தொப்பி, தோட்டா, தூங்கும் பை எல்லாவற்றையும் தாண்டிக் கடைசி வரிசையில் ஜெனரேட்டர்களை அடுக்கியிருந்தார்கள். நாங்கள் வந்தது அதற்குத்தான்.

நண்பர் கோயம்புத்தூர்க்காரர். மாமனார் இந்த ஊர்க்காரர், வருடா வருடம் கிராண்ட் மேசா மலையில் வேட்டை முகாம் போடுகிறவர். இந்த முறை மருமகனின் டிரெய்லரும் மேலே போகிறது. மருமகனுக்குத் துப்பாக்கியில் ஆர்வமில்லை. சமையலும் கரண்டும் அவர் இலாகா. நான் வேடிக்கை பார்க்க ஒட்டிக்கொண்டவன்.

முதலில் கண்ணில் பட்டது இரும்புக் குழாய்ச் சட்டத்துக்குள் மாட்டிய ஒரு பெரிய மெஷின். பெட்டியில் கொட்டை எழுத்தில் 4,000 வாட். குனிந்து பார்த்தால் ஓரத்தில் பொடி எழுத்தில் 3,500. பெரிய எண், மோட்டார் கிளம்பும் சில நொடிக்கு மட்டும் தாங்கும் அளவு. சின்ன எண்தான் தொடர்ந்து கிடைப்பது. நண்பருக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. "தோட்டத்துல மோட்டார் போட்டா வூட்டு லைட்டு ஒருக்கா மங்கி வருமுங்களே, அந்தக் கணக்குத்தானுங்க" என்றார்.

கடைக்காரர் அந்தப் பெரிய மெஷினையே தட்டித் தட்டிக் காட்டினார். காரணம் ஏசி. டிரெய்லர் கூரையில் இருக்கும் 13,500 பிடியு ஏசி ஓடும்போது 1,500 வாட் அளவில் இழுத்தாலும், கம்ப்ரஸர் கிளம்பும்போது அதைப்போல இரு மடங்கு கேட்கும். கோடையில் அரிசோனாவில் முகாம் போடுகிறவருக்கு அது நியாயமான கணக்கு. (சாஃப்ட் ஸ்டார்ட்டர் பொருத்தினால் அந்த முதல் இழுப்பு வெகுவாகக் குறையும் என்பதை அவர் சொல்லவில்லை.) நண்பர் என் காதருகே வந்து, "பனி கொட்டற எடத்துல ஏசி போட நானென்ன கிறுக்கனுங்களா?" என்றார்.

மேலே எதற்குத்தான் கரண்ட் வேண்டும்? டிரெய்லரின் ஹீட்டர் எரிவது புரோப்பேனில். ஆனால் வெப்பக் காற்றைத் தள்ளும் ஃபேன் 12 வோல்ட் பேட்டரியில் ஓடுகிறது. ஓடும்போது ஏழெட்டு ஆம்பியர் எடுக்கும். குளிர் ராத்திரியில் பாதி நேரம் ஓடினாலே விடிவதற்குள் 40 ஆம்பியர்-அவர் காலி. 100 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் உறிஞ்சினால் அதன் ஆயுள் தேயும். ஆக, ஜெனரேட்டரின் தலையாய வேலை தினமும் பேட்டரியை நிரப்புவது. பிறகு காபி மெஷின், 900 வாட். மைக்ரோவேவ் இருந்தால் நல்லது. மற்றதெல்லாம் சில்லறை.

இந்த வேலைக்கு இன்வெர்ட்டர் வகைதான் சரி. சட்டம் போட்ட பழைய வகை, 60 ஹெர்ட்ஸ் கிடைக்க வேண்டுமென்பதற்காக, ஒரு செல்போன் சார்ஜர் மாட்டினாலும் நிமிடத்துக்கு 3,600 சுற்று சுற்றியே ஆக வேண்டும். இன்வெர்ட்டர் வகை சுமைக்கு ஏற்ப வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. எல்லோரும் அளவுகோலாக வைத்துப் பேசுவது ஹோண்டாவின் ஈயூ2200ஐ மாடலை: உச்சம் 2,200 வாட், தொடர்ந்து 1,800. எடை 21 கிலோ. ஒரு கேலனுக்குச் சற்றுக் குறைவான டேங்க், கால் சுமையில் எட்டு மணி நேரம் ஓடும், முழுச் சுமையில் மூன்று மணி நேரம்தான். ஒலி 48 முதல் 57 டெசிபல். விலை ஆயிரம் டாலருக்கு மேல். அதே அளவில் பாதி விலைக்கும் பல பிராண்டுகள் வரிசையாக இருந்தன. டெசிபல் எண்ணைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பெரும்பாலும் கால் சுமையில், ஏழு மீட்டர் தள்ளி நின்று அளந்த எண்ணைத்தான் பெட்டியில் போடுகிறார்கள்.

பெட்டியில் போடாத கணக்கு ஒன்று இருக்கிறது. உயரம் ஏற ஏறக் காற்று மெலிகிறது, எஞ்சினின் பலமும் குறைகிறது. ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 3.5 சதவீதம் என்று தயாரிப்பாளர்களே கையேட்டில் எழுதியிருக்கிறார்கள். மலைக்கான கார்புரேட்டர் ஜெட் மாற்றிய பிறகும் இந்த இழப்பு உண்டு. மாற்றாவிட்டால் இன்னும் மோசம், பெட்ரோல் கூடிப்போய் பிளக் கரி பிடிக்கும். எங்கள் முகாம் பத்தாயிரம் அடியில். 1,800 வாட் அங்கே 1,170 ஆகிவிடும். நண்பர் ஃபோனில் பெருக்கிப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

புரோப்பேனிலும் ஓடும் இரட்டை எரிபொருள் மெஷின்களையும் பார்த்தோம். வருடத்தில் ஒருமுறை எடுக்கிறவருக்கு அது அருமையான வசதி. எத்தனால் கலந்த பெட்ரோலை மாதக்கணக்கில் விட்டுவைத்தால் கார்புரேட்டரில் பிசின்போல அடைத்துக்கொள்ளும். புரோப்பேனில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் பெட்ரோலைவிட ஒரு பத்து சதவீதம் வாட் குறையும், குளிரில் சிலிண்டரின் அழுத்தமும் இறங்கும். அதே சிலிண்டரை ஹீட்டரும் கேட்கும். ஏற்கெனவே உயரத்துக்குக் கப்பம் கட்டியாகிவிட்டது. அதனால் பெட்ரோலில் ஓடும் 1,800 வாட் இன்வெர்ட்டரே முடிவாயிற்று. வாங்குமுன் இரண்டைச் சரிபார்த்தோம்: சைலன்ஸரில் அமெரிக்க வனத்துறை ஏற்ற ஸ்பார்க் அரெஸ்டர் வலை இருக்கிறதா, கார்பன் மோனாக்சைடு கூடினால் தானே நின்றுவிடும் சென்சார் இருக்கிறதா.

பெட்ரோல் பங்கில் இன்னொரு உள்ளூர் வினோதம். கொலராடோவில் சாதாரண பெட்ரோல் 85 ஆக்டேன். கையேடு கேட்பது 86-க்குக் குறையாமல். கேன்களில் 87 நிரப்பிக்கொண்டு மலையேறினோம்.

கிராண்ட் மேசாவின் தலை தட்டையானது. ஸ்ப்ரூஸ் மரக்காடும் ஏரிகளும் பனித் திட்டுகளுமாக விரிந்து கிடந்தது. எங்களுக்கு முன்பே வந்திருந்த ஒரு முகாமில் சட்டம் போட்ட மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மரங்களுக்கு அப்பாலிருந்தும் அதன் இரைச்சல் பேச்சுக்கு இடைஞ்சலாக இருந்தது. தேசியப் பூங்காக்களில் 50 அடி தூரத்தில் 60 டெசிபலைத் தாண்டக் கூடாதென்று விதி உண்டு. இது தேசிய வனம், இங்கே பக்கத்து முகாமின் மனசாட்சிதான் விதி. மாமனார் அந்தத் திசையைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

ஜெனரேட்டரை டிரெய்லரிலிருந்து இருபது அடிக்கு மேல் தள்ளி, காற்று போகும் திசையில், புகைவாய் எங்களைப் பார்க்காதபடி வைத்தார். இதில் மனிதர் கறார். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. பனிக்குப் பயந்து மெஷினைக் கூடாரத்துக்குள் இழுத்துக்கொண்டு தூங்குவதுதான் வேட்டைக்காரர் செத்துப்போகும் வழி என்றார். சென்சாரை நம்பி இடத்தை மாற்றக் கூடாது என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஒயரை மாட்டியதும் டிரெய்லரின் சர்ஜ் புரொடெக்டர் கரண்டை உள்ளே விட மறுத்து, எர்த் இல்லை என்று பிழை காட்டியது. மெஷின் கெட்டுவிட்டதோ என்று நண்பர் வெலவெலத்துப்போனார். கெடவில்லை. இந்தச் சின்ன இன்வெர்ட்டர் வகைகளில் நியூட்ரலை எர்த்தோடு இணைப்பதில்லை. மாமனார் தன் டப்பாவைத் துழாவி, நியூட்ரலையும் எர்த்தையும் உள்ளே இணைத்த ஒரு பிளக்கை எடுத்து ஜெனரேட்டரின் காலி சாக்கெட்டில் சொருகினார். பிழை மறைந்தது. சில டாலர் சாமான். கடையில் யாரும் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

காபி மெஷின் தனியாக ஓடியது. பேட்டரி சார்ஜும் காபியும் சேர்ந்தபோது எஞ்சின் திணறி, ஓவர்லோடு விளக்கு சிவந்தது. மைக்ரோவேவ் பேச்சுக்கே இடமில்லை. 1,000 வாட்டில் சமைக்கும் அடுப்பு 1,500 வாட்டை உள்ளே இழுக்கும். குழம்பைக் காஸ் அடுப்பிலேயே சூடாக்கினோம். காலையில் வேட்டைக்குப் போனவர்கள் தூரம் போனபிறகு, பேட்டரி 12.1 வோல்ட்டில் நின்றபோது மெஷினைக் கிளப்பினோம். இரண்டு கயிற்று இழுப்பு. டிரெய்லர் கதவைச் சாத்தினால் சத்தமே தெரியவில்லை.

அடுத்த வருடத்துக்கான பேச்சு சாப்பிடும்போதே தொடங்கிவிட்டது. இதேபோல இன்னொன்று வாங்கி இரண்டையும் பேரலலாகக் கட்டினால் மைக்ரோவேவ் ஓடும் என்பது மருமகன் கட்சி. மாமனார் கட்சி வேறு: அந்தக் காசில் கால்வாசிக்கு இன்னொரு லெட் ஆசிட் பேட்டரி போடு, மெஷினை ஒருநாள் விட்டு ஒருநாள் ஓட்டினால் போதும். லித்தியம் பேட்டரி பற்றி நான் கேட்டேன். பூஜ்யம் டிகிரி செல்சியஸுக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது, அதைச் சூடாக வைக்கத் தனியாக ஒரு ஏற்பாடு வேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். "நீங்க யாரு பக்கமுங்க?" என்று நண்பர் கேட்டார். மாமனார் பக்கம் என்றேன். இரவுச் சாப்பாட்டுப் பாத்திரங்களை என் தலையில் கட்டிவிட்டார்.